புதுக் கொம்பியூட்டரில் அத்தான்

பழைய கொம்பியூட்டரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே வந்து, அது இருந்த இடத்தைச் சுற்றிக் கிடந்த தூசியைத் துடைத்துவிட்டுப் புதியதற்கு முன்னால் இருந்தேன்.

வட்டக்கச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்ரூடியோவில் வேலை செய்கிறேன். கடை என்னுடையதில்லை. நெளுக்குளத்தில் பெரிய கடை வைத்திருக்கிற முதலாளியினுடையது. நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சண்டை முடிந்து முகாமால் வந்த பிறகு அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டித் துடைக்கத்தான் எடுத்தவர். பிறகு படம் வெட்டவிட்டார். பிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினார். இங்கே கடை போட்டபோது என்னையும் பழைய மெசினையும் சேர்த்து அனுப்பினார்.

நான் எட்டாம் வகுப்பு. அதுவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே படித்த எட்டு. இங்கிலீசு வாசிக்கமாட்டேன். கொம்பியூட்டரை நான் வாசித்துப் பழகவில்லை. இடம் பார்த்துப் பழகினேன். இடது பக்கம் கீழ் மூலையில் அமத்தினால் எல்லாம் மேலே எழும்பும். அதில் மூன்றாவது, படம் வெட்ட. வலது பக்கம் மேலே சிவப்புப் பெட்டி, மூட. கரண்ட் இல்லாத நேரம் குசினிக்குள் தீப்பெட்டி எடுக்கிற மாதிரி. கை தானாகப் போகும். அப்படித்தான் இவ்வளவு காலமும் ஓடியது.

மாற்றாமல் விட ஏலாது. ஐசிக்கு, அதுதான் அடையாள அட்டைக்கு, எடுக்கிற படத்தை இப்போது சனத்தின் கையில் குடுத்து முடிக்க முடியாது. கொம்பியூட்டரால் அனுப்பவேண்டும். பழையது அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டன் என்று நின்றது. புதுப் பிறின்ரரும் அதோடு சேரவில்லை. நானா புது மெசின் வாங்கி அனுப்பினார். கிளிநொச்சியில் இருந்து கொம்பியூட்டர் திருத்துகிறவர் ஒருவர் கொண்டுவந்து பூட்டினார். முப்பது வயது இருக்கும். என்னை அன்ரி என்று கூப்பிட்டார்.

“அன்ரி, விண்டோஸ் செவனில இருந்து நேரா லெவனுக்கு வந்திட்டீங்கள். எட்டையும் பத்தையும் பாக்காமலே பாஞ்சிட்டீங்கள்.”

“ஒன்பது?”

“ஒன்பது எண்டு ஒண்டு வரேல்லை அன்ரி. எட்டுக்குப் பிறகு பத்துத்தான்.”

“நானும் ஒன்பது படிக்கேல்லை.”

அவர் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

புதியதில் இடது மூலையில் ஒன்றும் இல்லை. அங்கே சூரியன் படமும் ஒரு நம்பரும். கை பழக்கத்தில் அங்கேதான் போகும். போனால் ஒரு பக்கம் திறந்து பேப்பர்ச் செய்தி மாதிரி எல்லாம் கொட்டும். மழை வரும் என்று காட்டும். வெளியே பார்ப்பேன். வெயில் எறித்துக்கொண்டிருக்கும். மூடுவேன். திரும்பவும் கை அங்கேதான் போகும்.

எழும்புகிற பட்டன் நடுவுக்கு வந்துவிட்டது. மற்றப் படங்கள் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு நடுவில் நின்றன. நிறமும் மாறியிருந்தது. பழைய படங்களை எனக்கு நிறத்தால்தான் தெரியும்.

ஐசி படத்துக்கு வந்த ஒரு மனிசி கதிரையில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

“புது மருமகள் குசினிக்குள்ள உப்புப் போத்தில் தேடுற மாதிரி இருக்கு, பிள்ளை.”

“ஓம்.”

“மாமி ஒளிச்சு வைச்சிட்டாவோ?”

“மாமியை நான் இன்னும் காணேல்லை.”

அந்த மனிசி விழுந்து விழுந்து சிரித்தா. படம் எடுக்கும்போதும் வாய் மூடவில்லை. ஐசி படத்தில் பல் தெரியக்கூடாது. மூன்றுதரம் எடுத்தேன்.

இன்னொரு நாள் கடையில் ஆட்கள் நிற்கும்போதே திரை நீலமாகி ஒரு வட்டம் சுத்தத் தொடங்கியது. என்ன அமத்தினாலும் அசையவில்லை. போட்டோக்கொப்பி எடுக்க வந்த ரீச்சர் ஒருவர் எட்டிப் பார்த்து வாசித்தா. “புதுசா ஏதோ ஏத்துதாம். நிப்பாட்ட வேண்டாமாம்.” நிப்பாட்டவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் இருந்தேன். வட்டம் சுத்தியது.

நானா போன் எடுத்தார்.

“எப்பிடித் தங்கச்சி, மெசின் ஓடுதா?”

“மெசின் ஓடுது நானா. நான்தான் ஓடேல்லை.”

“ஓடும், ஓடும். நான் கறுப்பு வெள்ளையில இருந்து கலருக்கு வந்த மனிசன். ஒரு கிழமை போகட்டும்.”

ஒரு கிழமை போனது. நான் ஒரு வேலை செய்தேன். ஒட்டுப் பொட்டு மட்டை ஒன்று வாங்கிவந்து, எனக்குத் தேவையான படங்களுக்கு நேரே திரையின் கீழ் விளிம்பில் பொட்டு ஒட்டினேன். சிவப்பு, படம் வெட்ட. பச்சை, பிறின்ற் அடிக்க. மெறூன், ஐசி அனுப்ப. அன்றைக்கு முழுக்க நன்றாக ஓடியது. அடுத்த நாள் பொட்டுக்கு நேரே வேறு படங்கள் நின்றன. நான் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகுதான் பிடிபட்டது. ஒன்றைப் புதிதாகத் திறந்தால் மற்றவை எல்லாம் கொஞ்சம் அரங்கி இடம் விடுகின்றன. மூடினால் திரும்பி நெருங்குகின்றன. கதிர்காமத்துக்குப் போகிற வானில் ஆட்கள் அரங்குகிற மாதிரி. பொட்டு மட்டும் ஒட்டின இடத்திலேயே நின்றது.

திருத்துகிறவர் வந்து பார்த்தார்.

“என்ன அன்ரி, கொம்பியூட்டருக்குக் கலியாணமோ?”

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு இடத்தில் அமத்தினார். படங்கள் எல்லாம் பழையபடி இடது மூலைக்குப் போய் நின்றன.

“முதலே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் கேக்கேல்லையே அன்ரி.”

பொட்டுகளைக் கழற்றினேன். பசை போகவில்லை.

எங்கள் கடையில் ஒரு வேலை இருக்கிறது. வேறு ஊர்க் கடைகளில் அவ்வளவு இருக்காது. தலை வைப்பது. இங்கே சனத்திடம் பழைய படம் இல்லை. ஓடின ஓட்டத்தில் அல்பம் தூக்கினவர்கள் குறைவு. தூக்கினவர்களும் எங்கேயோ ஓர் இடத்தில் கீழே வைத்துவிட்டார்கள். மிஞ்சினது ஐசி, இல்லாவிட்டால் ஐசியின் போட்டோக்கொப்பி, இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் படத்தில் பின்வரிசையில் ஒரு முகம். அதைக் கொண்டுவருவார்கள். நான் முகத்தை வெட்டி ஓர் உடம்பில் வைப்பேன். ஆம்பிளைக்குக் கோட். பொம்பிளைக்குப் பட்டுச்சேலை. சின்னப்பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் உடுப்பு.

அந்த உடம்புகளை எல்லாம் பழைய மெசினில் ஓர் இடத்தில் சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஒரு நீலக் கோட். அது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரே கோட். வேறு வேறு தலை. ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

வருகிறவர்களிடம் நான் கனக்கக் கேட்பதில்லை. “தனியாவோ, சேர்த்தோ?” அவ்வளவுதான். செத்தவர் என்றால் தனியாக வைக்கச் சொல்வார்கள். பின்னுக்கு வானம் வைத்து, கீழே திகதி அடித்துக் குடுப்பேன். வீட்டில் மாலை போடுவார்கள், விளக்கு வைப்பார்கள். காணாமல் போனவரைத் தனியாக வைக்கமாட்டார்கள். தனியாக வைத்தால் முடிந்துபோன மாதிரி. பெண்சாதிக்குப் பக்கத்தில், பிள்ளைக்குப் பின்னால், தோளில் கை படுகிற மாதிரி வைக்கச் சொல்வார்கள். மாலை இல்லை. திகதி இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு படம் இருந்தது. சேர்த்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அக்கா, அக்காவின் மகள். அவளை நாங்கள் பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைக்கு மூன்று வயதில், சண்டையின் கடைசி மாதங்களில், அத்தான் எங்களைப் பங்கருக்குள் இருத்திவிட்டுக் கஞ்சி வாங்கப் போனவர். வரவில்லை. செத்ததைக் கண்டவர் இல்லை. பிடிபட்டதைக் கண்டவரும் இல்லை. ஐசி ஆளோடு போய்விட்டது. மிஞ்சினது ஏதோ கந்தோர் அலுவலுக்கு எடுத்த ஒரு போட்டோக்கொப்பி. வாய்க்குக் கீழே நாடியில் முத்திரை விழுந்திருந்தது. முத்திரையை அழித்து நாடியை நான் செய்தேன். மீசையைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன். நிறம் குடுத்தேன். அக்கா பக்கத்தில் இருந்து, “இன்னும் கறுப்பு, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தா. நீலக் கோட் போட்டேன். அக்காவையும் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் நிற்கவைத்தேன்.

ஐசி படம் பதினெட்டு வயதில் எடுத்தது. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

பிள்ளைக்கு முரசுமோட்டையில் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை நெல் வெட்டுகிற மெசின் ஓடுகிறவர். மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தா. நல்ல மனிசி. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தா.

“இது ஆர், உங்கட தம்பியே?”

“பிள்ளையின்ர தேப்பன்” என்றா அக்கா.

அந்த மனிசி பலகாரத் தட்டத்துப் பக்கம் திரும்பினா. பயற்றம்பணியாரம் ஒன்றை எடுத்துக் கடித்தா.

அவர்கள் போன பிறகு அக்கா படத்தைக் கழற்றிக் கீழே வைத்தா. பின்பக்கம் கறையான் பிடித்திருந்தது.

“எடி, இங்க வந்து பார். எனக்குப் பக்கத்தில என்ர பெடியன் மாதிரி நிக்கிறார்.”

“ஐசி படம்தானே அக்கா.”

“பிள்ளையை விட இளமையா நிக்கிறார். அவள் எப்பிடி இந்த முகத்துக்கு முன்னால விழுந்து கும்பிடுறது? நாலு சனம் பாக்கிற இடம்.”

கலியாணத்தன்று மணப்பொம்பிளை மண்டபத்துக்கு வெளிக்கிட முதல் தாய் தேப்பன் காலில் விழுந்து எழும்பவேண்டும். தேப்பன் இல்லாத வீட்டில் படத்தைக் கதிரையில் வைப்பார்கள். அதற்கு அக்காவிற்குப் படம் வேண்டும்.

“இப்ப இருந்தால் எப்பிடி இருப்பாரோ அப்பிடிச் செய்து தா. என்னையும் இப்ப இருக்கிற மாதிரி எடு. தாலிக்குப் பொன்னுருக்க முதல் வேணும்.”

“சரி” என்றேன்.

பழைய மெசினில் என்றால் செய்திருப்பேன். புதியதில் என் பழைய புரோகிராம் திறக்கவில்லை. அமத்துவேன், ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் ஏதோ எழுதியிருக்கும், மூடுவேன். திருத்துகிறவருக்குப் போன் எடுத்தேன்.

“அன்ரி, அது கள்ளக்கொப்பி. செவன் கண்டும் காணாமல் விட்டது. லெவன் விடாது.”

“என்ர கோட்டுகள்?”

“கோட்டெல்லாம் இருக்கு. கொப்பி பண்ணித்தான் விட்டனான். திறக்க ஏலாது.”

“அப்ப இல்லைத்தானே.”

“இருக்கு அன்ரி. ஆனால்…”

“சரி.”

அவர் வந்து வேறு ஒன்று போட்டுவிட்டார். “இதில நீங்கள் ஒண்டும் கஸ்ரப்படத் தேவையில்லை. முகத்தைக் குடுத்தால் அதுவே செய்யும்” என்றார். முகத்தை வெளிச்சமாக்கிறது எங்கே, வயதைக் கூட்டுகிறது எங்கே என்று காட்டினார். நான் இடம் பார்த்துக்கொண்டேன்.

அக்கா சுவரில் இருந்து கழற்றின பழைய படத்தை ஸ்கான் பண்ணி ஏற்றினேன். அத்தானின் முகத்தில் அமத்தினேன். ஒரு கோடு இருந்தது. அதை வலது பக்கம் இழுத்தேன். தண்ணி கொதிக்கிற நேரம் கூடப் போகவில்லை. அத்தானுக்கு ஐம்பது வயது வந்துவிட்டது. தலை நரைத்திருந்தது. நெத்தியில் கோடு. கண்ணுக்குக் கீழே பை. தோல் மினுமினுப்பாக, நல்ல சாப்பாடு சாப்பிட்ட ஆள் மாதிரி. படம் நல்ல தெளிவு. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

நான் பார்த்தேன். ஆரோ ஒருவர். ஒன்றை அடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பிள்ளைதான் முதலில் வாங்கினாள்.

“ஐயோ சித்தி, அப்பா வடிவு! டொக்டர் மாதிரி இருக்கிறார்.”

அக்கா வாங்கி வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. கனநேரம் பார்த்தா.

“உந்த மனிசனுக்கு நான் ஒரு நாளும் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கேல்லை.”

“அம்மா, வயசு போனால் ஆக்கள் மாறுவினம்தானே.”

“மாறுவினம். கண்ணுக்கு முன்னால மாறுவினம்.” திரும்பவும் படத்தைப் பார்த்தா. “நாடி மட்டும் அவரின்ரதான்.”

அந்த நாடியைத்தான் நான் கையால் செய்திருந்தேன்.

“எனக்கு இது பிடிச்சிருக்கு” என்றாள் பிள்ளை. “எனக்கு எந்த முகமும் தெரியாது. இது நல்ல முகம்.”

அக்கா படத்தை அவளிடமே குடுத்துவிட்டு மாவறுக்கப் போனா.

அடுத்த நாள் காலமை சைக்கிளில் கடைக்குப் போகும்போது அத்தானின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். ஒரே சட்டியில் சாப்பிட்டவர். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினதும் அவர்தான். நினைக்க நினைக்க வந்தது அந்த மெசின் செய்த முகம். தள்ளிவிட்டுத் திரும்ப நினைத்தேன். திரும்பவும் அதுதான். பயம் ஒன்றும் வரவில்லை. வாய்க்கால் பாலத்தடியில் இறங்கிக் கொஞ்சத்தூரம் நடந்து போனேன்.

பிறகு நான் கையால் செய்யப் பார்த்தேன். புதுப் புரோகிராமுக்குள் கையால் செய்கிற இடமும் ஒன்று இருந்தது. நன்றாக உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். ஐசி படத்துக்கு ஆள் வராத நேரமெல்லாம் தேடினேன். வெட்டுகிறது ஒரு பக்கம். அழிக்கிறது இன்னொரு பக்கம். நிறம் எடுக்கிறது ஒரு சின்னத் துளி மாதிரி இருந்தது. பிழைத்தால் பின்னால் போகிறது வளைந்த அம்பு. பழையதிலும் அம்பு இருந்தது. இதில் எவ்வளவும் பின்னால் போகலாம். பழகப் பழகக் கை இடம் பிடித்துக்கொண்டது. சந்தோசம் என்று சொல்ல ஏலாது. நொண்டி நொண்டி நடந்த கால் கொஞ்சம் நேராகின மாதிரி.

பொன்னுருக்குக்கு நாள் கிட்டிவிட்டது. அக்கா ஒரு மத்தியானம் கடைக்கு வந்தா. நல்ல சேலை ஒன்று உடுத்துக்கொண்டு. முதலில் அவாவைப் படம் எடுத்தேன். சிரிக்கச் சொன்னேன். “சிரிச்சால் பல்லு விழுந்த இடம் தெரியும். சும்மா எடு” என்றா. எடுத்தேன். பழைய அக்காவை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிய அக்காவை வைத்தேன். கை கோட்டில் படுகிற மாதிரி. பிறகு அவா பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தா. அத்தானுக்குத் தொடங்கினோம்.

“காதடியில கொஞ்சம் நரை போடு.”

போட்டேன்.

“காணுமோ?”

“இன்னும் கொஞ்சம். மீசையிலயும் ரெண்டு.”

போட்டேன்.

“அவற்ற தேப்பனுக்கு வெள்ளண்ணவே முன்மயிர் கொட்டிட்டுது.”

“அப்ப கொட்ட விடவோ?”

“கொஞ்சம் விடு. முழுக்க விடாதை, சனம் சிரிக்கும்.”

நெத்தியை மேலே ஏற்றினேன். கன்னத்தைக் கொஞ்சம் தொங்கவிட்டேன்.

“வயித்தில வண்டி வைக்கவோ?”

“கோட்டுக்குள்ள ஆருக்கடி தெரியப்போகுது?”

இரண்டு பேரும் தள்ளியிருந்து பார்த்தோம். அக்காதான் முதலில் சொன்னா.

“எடியே, மாமா வந்திட்டார்.”

பார்த்தால் அத்தானின் தேப்பன்தான். அப்படியே. அந்த ஆளோடு அக்காவிற்கு ஒரு நாளும் ஒத்துவந்ததில்லை.

“அந்த மனிசனை என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு ஆர் கூப்பிட்டது? எடு, எடு!”

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தா. பல்லு விழுந்த இடம் தெரிந்தது. போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒருவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவருக்குக் கொப்பி அடித்துக் குடுத்துவிட்டு வந்து இருந்தேன்.

“பின்னால போகலாம் அக்கா. ஒவ்வொண்டாப் போகும். எங்க நிப்பாட்டவேணும் எண்டு சொல்லுங்கோ.”

வளைந்த அம்பை அமத்தினேன். கன்னம் மேலே ஏறியது. நெத்தி இறங்கியது. மயிர் முளைத்தது. மீசையில் ஒரு நரை போனது. மற்றதும் போனது.

“நில்லு.”

நிப்பாட்டினேன். காதடியில் மட்டும் நரை இருந்தது. முகம் அவருடையது. இதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அக்கா திரைக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தா.

“இந்த நரை எப்ப வந்தது?”

“இப்ப போட்டதுதானே.”

“ஓம். நீ போட்டது.”

அக்கா கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தா.

“இன்னும் போ” என்றா.

அமத்தினேன். நரை போனது. பதினெட்டு வயதுப் பெடியன் நீலக் கோட்டோடு நின்றார். பக்கத்தில் நரைத்த தலையோடு அக்கா.

“கோட்?” என்றேன். “அதோட சேர்த்து ஸ்கான் பண்ணினது. கழட்டுறது கஸ்ரம்.”

“கிடக்கட்டும். கலியாண வீடுதானே.” கொஞ்சம் விட்டுச் சொன்னா. “என்னை எடு.”

“என்ன?”

“இதில இருந்து என்னை எடு.”

“தனியாவோ?” வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அக்காவிற்கு அந்தக் கேள்வி என்னவென்று தெரியும்.

“ஓம், தனியா.”

“அக்கா, தனியா வைச்சால் சனம் என்ன நினைக்கும் எண்டு…”

“நினைக்கட்டும். மாலை போடமாட்டன். விளக்கு வைக்கமாட்டன்.”

“பொட்டு?”

“அது என்ர நெத்தி.”

நான் மவுசில் கையை வைத்தபடி இருந்தேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டா.

“எடி, நான் உயிரோட நிக்கிறன். என்னை ஏன் படத்துக்குள்ள வைக்கிறாய்? அவரைக் கதிரையில வை. பக்கத்தில நான் நிப்பன். பிள்ளை ரெண்டு பேருக்கும் சேத்து விழட்டும்.”

அக்காவைச் சுற்றிக் கோடு போட்டேன். அமத்தினேன். அக்கா போய்விட்டா. அவா நின்ற இடத்தில் திரைச்சீலை வந்தது. பழைய மெசினில் என்றால் அதற்கு அரைநாள் வேண்டும். மடிப்பு மடிப்பாக நானே இழுக்கவேண்டும். இது தானே மடிப்பை நீட்டி மூடியது. கோட்டில் கை பட்டிருந்த இடமும் தெரியவில்லை. அப்படி ஓர் ஆள் அங்கே நின்றதே இல்லை என்ற மாதிரி.

“வடிவா எடுத்திட்டுது” என்றா அக்கா. “அடி.”

பச்சை ஒட்டுப் பொட்டின் பசை கிடந்த இடத்துக்கு மேலே பிறின்ற் இல்லை இப்போது. அது இடது பக்கம். அங்கே அமத்தினேன்.

வீட்டில் பிள்ளைக்கு முதலில் பிடிக்கவில்லை. “அம்மா, இது என்ன, என்னோட படிச்ச பெடியன் மாதிரி” என்றாள். அக்கா சொன்னா, “இவர்தான் உன்னைத் தூக்கினவர். மற்ற ஆள் தூக்கேல்லை.” பிள்ளை படத்தை வாங்கித் திரும்பப் பார்த்தாள். டொக்டர் மாதிரி இருந்த படத்தைத் தன் அலுமாரிக்குள் வைத்தாள். அதை நாங்கள் கேட்கவில்லை.

கலியாணத்தன்று விடிய, வீட்டு விறாந்தையில் கதிரை வைத்தோம். படத்தை வைத்தோம். மாலை இல்லை. விளக்கு இல்லை. அக்கா மெறூன் சேலை உடுத்து, பொட்டு வைத்து, கதிரைக்குப் பக்கத்தில் நின்றா. வந்த சனம் படத்தைப் பார்த்தது, அக்காவின் நெத்தியைப் பார்த்தது, பிறகு நிலத்தைப் பார்த்தது. கமரா என் கையில். நான் அதற்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளையின் தாய் பொம்பிளை அழைக்க வந்தவா. கிட்ட வந்தா.

“தனியா வைச்சிட்டியள்?”

“ஓம்” என்றா அக்கா.

“அப்ப மாலை…”

“இல்லை.”

அந்த மனிசி ஒருக்கால் படத்தைப் பார்த்தா. ஒருக்கால் அக்காவைப் பார்த்தா. குனிந்து கதிரையைக் கையால் அசைத்தா.

“கதிரை ஆடுது. பிள்ளை விழேக்க படம் சரிஞ்சிடும். ஒரு மட்டை இருந்தால் தாங்கோ.”

பலகாரப் பெட்டியின் மூடியைக் கிழித்துக் குடுத்தேன். அவா பட்டுச்சேலையோடு முழங்காலில் இருந்து, மட்டையை மடித்துக் கதிரைக் காலுக்குக் கீழே வைத்தா. திரும்ப அசைத்துப் பார்த்தா. ஆடவில்லை.

பிள்ளை வந்து விழுந்தாள். முதலில் கதிரைக் காலடியில். பிறகு அப்படியே அரக்கி அக்காவின் காலடியில். கலியாண வீடுகளில் நாங்கள் இன்னொருக்கால் விழச் சொல்லி எடுப்போம். முதல்தரம் எப்படியும் ஆராவது குறுக்கே வருவார்கள். அன்றைக்கும் ஆரோ வந்தார்கள். நான் திரும்ப விழச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை படங்களை ஏற்றினேன். புதியது அவற்றைத் தானே பிரித்து வைத்தது. முகத்தை மட்டும் வெட்டிச் சின்னச் சின்ன வட்டமாக. ஓர் ஆளுக்கு ஒரு வட்டம். பிள்ளை ஒரு வட்டம். மாப்பிள்ளை ஒரு வட்டம். ஐயர் ஒரு வட்டம். அதற்குள் நீலக் கோட்டும் நின்றது. கலியாணத்துக்கு வந்த ஆட்களில் ஒருவர் என்று அதையும் எடுத்துவிட்டது.

அந்த வட்டத்தை அமத்தினேன். அவர் நின்ற படங்களை எல்லாம் வரிசையாகக் காட்டியது. பிள்ளை விழுகிறாள். மாப்பிள்ளையின் தாய் முழங்காலில் இருக்கிறா. ஆரோ ஒருவர் வாயில் வெற்றிலையோடு கடந்து போகிறார். எல்லாவற்றிலும் பக்கத்தில் அக்கா.

அல்பத்துக்கு ஒன்றை எடுத்தேன். அதில் அக்கா கண்ணை மூடியிருந்தா. ஒரு பெட்டி வந்தது. கண் படம் போட்டு, திறந்துவிடவோ என்று கேட்டது. அந்தப் பெட்டி இப்போது எனக்குத் தெரியும். ஓம் என்கிறது இடது பக்கம். வேண்டாம் என்கிறது வலது பக்கம். வலது பக்கம் அமத்தினேன். அப்படியே அடித்தேன்.